போட்டோ கேக் பிரிண்டர் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் இரண்டு பிரிண்டர்கள் ஓடுகின்றன. புதுச்சேரியிலும் கடலூரிலும் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்கள் பலருக்கு, கேக்கின்மேல் வைத்துச் சாப்பிடக்கூடிய போட்டோ ஷீட் அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. சனிக்கிழமை காலையில் வரும் போன்களில் பாதி ஆர்டருக்காக வருவதில்லை. "அக்கா, புதுசா பிரிண்டர் வாங்கினேன், முகமெல்லாம் பச்சையா வருது", "அக்கா, கோடு கோடா அடிக்குது" என்றுதான் வரும். சாயங்காலம் பிறந்தநாள், கையில் படம் இல்லை என்ற பதற்றம் குரலிலேயே தெரியும். அவர்களுக்கு நான் போனில் சொல்வதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். இனிமேல்தான் பிரிண்டர் வாங்கப் போகிறவர்களும் படியுங்கள். எந்தக் கோளாறை வீட்டிலேயே சரிசெய்யலாம், எது கையை மீறிப் போகும் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் ஏமாற மாட்டீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கேக் பிரிண்டர்" என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை கேனான், எப்சன் போன்ற கம்பெனிகளின் சாதாரண இங்க்ஜெட் பிரிண்டர்கள்தான். அதில் எடிபிள் இங்க், அதாவது சாப்பிடக்கூடிய மை ஊற்றி, ஷீட்டும் சேர்த்து ஒரு செட்டாக விற்பவர்கள் வேறு ஆட்கள். தண்ணீர், கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால், உணவு நிறம், கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் ஆகியவைதான் அந்த மை. தாளின்மேல் மையைத் தெளிக்கும் பகுதிக்குத்தான் ஹெட் என்று பெயர். ஆபீஸ் மைக்காக வடிவமைத்த ஹெட்டில் இந்தப் பிசுபிசுப்பான மை போகிறது. ஹெட்டில் மை வரும் துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை. இரண்டு வாரம் சும்மா கிடந்தால் அங்கே மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். கீழே வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த ஒரு காரணத்தில் வந்து நிற்கும்.

கோடு கோடாக வருகிறது, அல்லது ஒரு நிறமே வரவில்லை

முதலில் பிரிண்டரின் மெயின்டனன்ஸ் பகுதியில் இருக்கும் "நாசில் செக்" (மைத் துளைச் சோதனை) அடியுங்கள். வெறும் ஏ4 தாள் போதும், ஷீட்டை வீணாக்க வேண்டாம். நான்கு நிறப் பட்டைகளும் விட்டுப் போகாமல் வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பட்டையில் ஓரிரு இடம் விட்டிருந்தால் "கிளீனிங்" ஒரு முறை கொடுத்து, மறுபடி நாசில் செக் அடியுங்கள். மூன்று முறைக்கு மேல் கிளீனிங் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மை உறிஞ்சப்பட்டு அடியில் உள்ள பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சு நிறைந்தால் அது தனித் தொல்லை, பின்னால் சொல்கிறேன்.

மூன்று முறையிலும் சரியாகவில்லை என்றால் ஹெட்டைக் கையில் எடுத்துக் கழுவ வேண்டும். எடுக்க முடிகிற மாடலா என்பதுதான் இங்கே கேள்வி. கேனானின் சில மாடல்களில் ஹெட் தனியாகக் கழன்று வரும். விலை குறைந்த மாடல்களில் கார்ட்ரிட்ஜும் ஹெட்டும் ஒரே துண்டு. பாழானால் புது கார்ட்ரிட்ஜ் போட்டால் புது ஹெட் வந்துவிடும். மையைத் தொட்டியில் ஊற்றி ஓட்டும் கேனானின் ஜி வரிசை டேங்க் பிரிண்டர்கள் சிலவற்றிலும் கறுப்புக்கு ஒன்று, கலருக்கு ஒன்று என ஹெட்டைத் தனியாக வாங்கி மாற்றலாம். எப்சனில் ஹெட் பிரிண்டரோடு சேர்ந்தே இருக்கும். அது மையைச் சூடாக்காமல் அழுத்தித் தள்ளும் வகை என்பதால் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் காய்ந்துவிட்டால் நம்மால் கழற்ற முடியாது.

கழற்ற முடிகிற ஹெட்டைக் கழுவுவது இப்படி. ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் நூல் பிரியாத துணியை நான்காக மடித்து விரியுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, துணி நனைந்து மேலே அரை சென்டிமீட்டர் நிற்கும் அளவு ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். கடலோரத்தில் போர் தண்ணீரில் உள்ள உப்பே துளையை அடைக்கும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரும் வேண்டாம், அது சாப்பாட்டுப் பொருள் தொடும் இடத்துக்கானது இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்டெரைல் வாட்டர் சரியாக இருக்கும். ஹெட்டின் துளைப் பக்கத்தைத் துணிமேல் வைத்துக் கொஞ்ச நேரம் பாருங்கள். முதலில் மஞ்சள் பரவும். பிறகு நீலம் நூல் நூலாக இறங்கும். அடைத்திருக்கிற நிறம் மட்டும் அசையாமல் இருக்கும். பத்து நிமிடம் கழித்து அதுவும் ஒரு சிறு புகை போல வெளியே வரும். அது வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. தண்ணீரை மாற்றி மாற்றி, நிறம் வெளுக்கும் வரை செய்யுங்கள். தாமிர நிறத்தில் பளபளக்கும் மின் தொடுப்புகளில் மட்டும் ஈரம் படக்கூடாது. பட்டுவிட்டால் துடைத்து, ஓர் இரவு ஃபேன் காற்றில் வையுங்கள். ஈரத்தோடு மாட்டினால் ஹெட் மட்டுமில்லை, போர்டும் போய்விடும்.

எப்சன் வகையில் வேறு வழி. பிரிண்டரின் வலப்பக்கம், ஹெட் ஓய்வாக நிற்கும் இடத்தில் ஒரு சிறு பஞ்சுப் பெட்டி இருக்கும். அதில் அதே தண்ணீரை நான்கு சொட்டு விட்டு, ஹெட்டை அதன்மேல் நிறுத்தி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஒரு கிளீனிங் கொடுத்தால் பல நேரம் திறந்துகொள்ளும்.

இந்த அடைப்பு ஏன் வருகிறது என்று தேடினால் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றில் போய் முடியும். கரண்ட் மிச்சம் என்று நாம் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுகிறோம். பிரிண்டரில் இருக்கும் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடியில் உட்காரும். சுவரில் அணைத்தால் ஹெட் நின்ற இடத்திலேயே திறந்து கிடந்து காயும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அன்று மதியம் நான் ஒரு படம் அடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஹெட் தாளின் நடுவில் நின்றுவிட்டது. கரண்ட் திரும்பிய பிறகு பார்த்தால் ஒரு நிறமும் வரவில்லை. மேலே சொன்ன தட்டு வைத்தியத்தை இரண்டு நாள் செய்துதான் மீட்டேன். அன்றிலிருந்து பிரிண்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஃபேனுக்கு அடுத்தபடியாக இதற்கு ஒரு பாயின்ட் இழுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் இல்லாத வாரத்திலும் இரண்டு நாளுக்கு ஒரு முறை வெறும் தாளில் நான்கு நிறப் பட்டை ஒன்று அடித்துவிடுங்கள். ஊருக்குப் போகிறீர்கள், ஆடி மாதம் ஆர்டர் குறைவு என்றால் எடிபிள் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, கிளீனிங் திரவம் உள்ள கார்ட்ரிட்ஜை மாட்டி, இரண்டு முறை ஓட்டிவிட்டுப் போங்கள்.

முகம் பச்சையாக, நீலமாக, சிவப்பாக வருகிறது

எந்த நிறம் இல்லையோ அதற்கு எதிர் நிறம் முகத்தில் ஏறும். முகம் பச்சையாக இருந்தால் மெஜந்தா (அடர் ரோஜா நிற மை) வரவில்லை. ஊதா கலந்த நீலமாக இருந்தால் மஞ்சள் வரவில்லை. செங்கல் சூளையில் நிற்பது போலச் சிவந்திருந்தால் சயான் (வெளிர்நீல மை) வரவில்லை. படம் முழுக்க வெளிறி, முடி பழுப்பாகத் தெரிந்தால் கறுப்பு வரவில்லை. நாசில் செக்கில் அந்தப் பட்டை கண்டிப்பாக உடைந்திருக்கும். மேலே சொன்ன வழிக்குத் திரும்புங்கள்.

நான்கு பட்டைகளும் முழுதாக வந்தும் முகம் இருட்டாக இருக்கிறதா? பிரிண்டர்மேல் குற்றமில்லை. போனின் திரை ஒளி விடுகிறது, ஷீட் ஒளி விடாது. எடிபிள் நிறங்களால் போட்டோ மை அளவுக்குப் பளிச்சென்று காட்டவும் முடியாது. நம் ஊர் மாநிறத்து முகங்களை அப்படியே அடித்தால் இரண்டு படி கறுத்துவிடும். ஒரு குழந்தையின் முகம் அதன் அம்மாவுக்கே அடையாளம் தெரியாமல் போகக்கூடாது. படத்தைத் திருத்தும் ஆப்பில் வெளிச்சத்தைப் பதினைந்து, இருபது புள்ளி ஏற்றுங்கள். நிழல் பகுதியைத் தனியாகக் கொஞ்சம் தூக்குங்கள். பிறகு முகத்தை மட்டும் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, ஒரு ஓரத் துண்டு ஷீட்டில் அடித்துப் பார்த்துவிட்டுப் பெரிய படத்துக்குப் போங்கள். வெறும் தாளில் பார்த்த நிறம் ஷீட்டில் அப்படியே வராது, அதனால்தான் ஓரத் துண்டு.

படம் மங்கலாக, கட்டம் கட்டமாக இருந்தால் அது வாட்ஸ்ஆப்பில் சுருங்கி வந்த படம். "டாக்குமெண்டா அனுப்புங்க" என்று கேட்டு வாங்குங்கள்.

கறுப்பு எழுத்து பழுப்பாகவோ பச்சையாகவோ தெரிகிறது

எடிபிள் கறுப்பு பெரும்பாலும் பல உணவு நிறங்களின் கலவைதான், அச்சுக் கறுப்பாக இருக்காது. சில மாடல்களில் "போட்டோ பேப்பர்" என்று தேர்ந்தெடுத்தால் கறுப்பு மையையே தொடாமல் மூன்று நிறங்களைக் கலந்து கறுப்பைச் செய்யும். பேப்பர் வகையை "பிளெயின்" என்று மாற்றி ஒரு துண்டு அடித்துப் பாருங்கள். பெயர் எழுதுவதற்கு நான் அடர்ந்த மெரூன் அல்லது சாக்லேட் நிறத்தையே வைத்துவிடுகிறேன், கண்ணுக்கும் நன்றாக இருக்கிறது.

ஷீட்டை உள்ளே இழுக்கவில்லை, கோணலாகப் போகிறது, மை இழுவுகிறது

அடியில் உள்ள டிரேயிலிருந்து தாளை யூ வடிவில் வளைத்து இழுக்கும் பிரிண்டர் இந்த வேலைக்கு ஆகாது. சர்க்கரை கலந்து செய்த சுகர் ஷீட் வளைந்தால் வெடிக்கும், மாவுப்பொருளில் செய்த மெல்லிய வேஃபர் பேப்பர் வளைந்தால் முறியும். பின்பக்கம் மேலிருந்து தாள் இறங்கும் மாடலாகப் பாருங்கள். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பின்வழி மாடலிலும் ஷீட் நழுவினால் உருளையில் சர்க்கரைப் பொடி படிந்திருக்கும். ஈரத் துணியால் உருளையைச் சுற்றித் துடைத்து, காய்ந்த பிறகு ஓட்டுங்கள். வேஃபர் பேப்பர் மிக மெலிதாக இருந்து இரண்டு மூன்றாகப் போனால், ஒவ்வொன்றாக ஒரு ஏ4 தாளில் மேல் ஓரத்தை மட்டும் டேப் ஒட்டி விடுங்கள். வழவழப்பான பக்கத்தில்தான் அச்சு விழ வேண்டும்.

ஓரத்தில் மை இழுவினால் ஷீட்டின் முனை தூக்கிக்கொண்டு ஹெட்டில் உரசுகிறது என்று பொருள். முனையை எதிர்ப்பக்கம் மெதுவாக வளைத்துச் சமன்படுத்துங்கள். கேனான் டிரைவரில் தாள் உராய்வைத் தடுக்கும் ஒரு தேர்வு இருக்கும், அதை டிக் செய்யுங்கள். ஓரம் விடாமல் அடிக்கும் "பார்டர்லெஸ்" வேண்டாம். ஷீட்டுக்கு வெளியே விழும் மை உள்ளே ஒட்டி அடுத்த ஷீட்டைக் கெடுக்கும். வேஃபருக்கு "பிளெயின் பேப்பர், ஸ்டாண்டர்ட்", சுகர் ஷீட்டுக்கு "மேட் போட்டோ பேப்பர், ஹை" என்று வைத்துத் தொடங்குங்கள். வேஃபருக்கு "ஹை" வைத்தால் மை அதிகமாக இறங்கி அப்பளம் போலச் சுருண்டுவிடும்.

ஷீட் பின்தாளை விட்டு உரிய மறுக்கிறது

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புகாரைத்தான் அதிகம் கேட்கிறேன். அடைமழைக் காலத்துக் கடற்காற்றில் சர்க்கரை ஈரம் இழுத்துப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்கிறது. நகத்தால் சுரண்டாதீர்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, பிளாஸ்டிக் பக்கம் முப்பது வினாடி காட்டுங்கள். அது இல்லையென்றால் ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு நிமிடம். பிறகு ஷீட்டை மேஜை விளிம்பில் படம் மேலே இருக்கும்படி வைத்து, பிளாஸ்டிக்கோடு சேர்த்து விளிம்புக்குக் கீழே மெதுவாக இழுங்கள். விளிம்பில் வளையும் இடத்தில் ஷீட்டின் முனை தானாக எழும்பும். அங்கே விரலை நுழைத்து, ஷீட்டைப் பிடிக்காமல் பிளாஸ்டிக்கை உரியுங்கள். நான்கு பக்கமும் இதைச் செய்தால் முழுதாகக் கைக்கு வரும்.

உரியும்போது நொறுங்கினால் அது எதிர் வகை. ஏசி அறையில் திறந்து கிடந்து வறண்டுவிட்டது. கவரை விட்டு எடுத்து, ஏசி இல்லாத அறையில் சிறிது நேரம் வைத்தால் நம் ஊர்க் காற்றே அதை மிருதுவாக்கும். பிரித்த பாக்கெட்டை ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடி வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம். வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும்.

கேக்கின்மேல் வைத்ததும் நிறம் கலங்குகிறது

ஷீட் நன்றாக வந்திருக்கும். கேக்கில் வைத்து ஒரு மணி நேரத்தில் கண்மை அழிந்த முகம் போல ஆகிவிடும். மை தண்ணீரில் கரைவது, விப்பிங் கிரீமில் தண்ணீர் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். அச்சடித்த ஷீட்டைக் குறைந்தது பதினைந்து நிமிடம், மழைநாளில் ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் உலர விடுங்கள். விப்பிங் கிரீம் கேக்குக்கு வேஃபர் பேப்பர் சரிப்படாது. ஈரம் பட்டதும் சுருங்கிப் போகும். சுகர் ஷீட்டே நல்லது. அதன் பின்பக்கம் உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை மெல்லிசாகப் பூசி, இறுகிய பிறகு வைத்தால் கீழிருந்து ஈரம் ஏறாது. பட்டர்கிரீமிலும், கேக்மேல் விரிக்கும் சர்க்கரை மாவான ஃபாண்டன்டிலும் இந்தத் தொல்லை குறைவு. ஃபாண்டன்டில் ஒட்ட, நியூட்ரல் ஜெல்லை (நிறமில்லாத கேக் ஜெல்) விரலில் தொட்டு ஓரத்தில் மட்டும் தடவினால் போதும்.

படம் வைத்த கேக்கை மூடாமல் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்தால் மேலே பனித்துளி கோக்கும், அதுவும் கலக்கிவிடும். அட்டைப்பெட்டியோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள், பெட்டியோடு வெளியே எடுங்கள், அரை மணி நேரம் திறக்காதீர்கள். கடலூருக்கு டெலிவரி என்றால் நான் ஷீட்டைத் தனியாகவே கொடுத்தனுப்புகிறேன். மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ கேக் போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயே மேலே வைக்கச் சொல்வேன்.

"மை தீர்ந்தது" என்கிறது, விளக்குகள் மாறி மாறி மின்னுகின்றன

மை நிரப்பியும் தீர்ந்தது என்று கேனான் சொன்னால், ஸ்டாப் பட்டனை ஐந்து வினாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். மை அளவைக் கணக்குப் பார்ப்பதை விட்டுவிடும். அதன்பிறகு கண்ணால் பார்த்து நிரப்புவது உங்கள் பொறுப்பு. மை இல்லாமல் ஓட்டினால் சூடாகி ஹெட் எரிந்துவிடும்.

கழிவு மைப் பஞ்சு நிறைந்துவிட்டது என்ற செய்தி வந்தால் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்துப் பஞ்சை மாற்றுங்கள். கணக்கை மட்டும் ரீசெட் செய்து தருகிறேன் என்பார்கள். அப்படிச் செய்தால் மை ஒருநாள் அடியில் வழிந்து எறும்பை அழைத்து வரும். எறும்பு உள்ளே போன பிரிண்டரில் உணவுப் பொருள் அடிக்க எனக்கு மனம் வராது. பிரிண்டர் நிற்கும் மேஜையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், நம் பாட்டிமார் உணவு அலமாரிக்குச் செய்த அதே வேலை.

பிரிண்டர் நன்றாக ஓடுகிறது, ஆனால் மை எதில் செய்தது என்று தெரியவில்லை

இதற்கு அறிகுறியே கிடையாது, அதனால்தான் இது பெரிய ஆபத்து. ஆபீஸில் ஓடிய பழைய பிரிண்டரைக் கழுவி எடிபிள் மை ஊற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஹெட்டிலும் குழாயிலும் பஞ்சிலும் பழைய மை தங்கியிருக்கும், எத்தனை கழுவினாலும் முழுக்கப் போகாது. சீல் உடைக்காத புதுப் பெட்டி மட்டுமே வாங்குங்கள். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் இருப்பது தெரிந்து, முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் அதற்குத் தடை வந்தது. பார்க்க அழகான ரோஜா நிறம்தான் அது. மை பாட்டிலில் நிறங்களின் பெயர் இருக்க வேண்டும். டார்ட்ரசின், கார்மோசின், பிரில்லியன்ட் புளூ என்பது போல. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி இருக்க வேண்டும். "ஃபுட் கிரேடு" என்ற ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய பாட்டிலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அப்படியானால் எதை வாங்குவது?

போனில் இதைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மாதத்தில் எத்தனை நாள் பிரிண்டர் சும்மா கிடக்கும்? வாரத்துக்கு ஒன்றிரண்டு போட்டோ கேக் செய்பவருக்கு டேங்க் பிரிண்டர் வேண்டாம். மை மலிவுதான். ஆனால் டேங்கிலும் நீளக் குழாயிலும் நிற்கும் மை, தீர்வதற்குள் படிந்து கெட்டுப்போகும், வெளியே எடுக்கவும் முடியாது. கார்ட்ரிட்ஜ் கழன்று வரும், பின்வழியாகத் தாள் இழுக்கும் சிறிய மாடல் அவருக்குப் போதும். தினமும் ஐந்தாறு ஷீட் அடிப்பவருக்கு டேங்க் லாபம். மாதத்துக்கு இரண்டு மூன்று கேக் என்றால் பிரிண்டரே வாங்காமல், அடித்துக் கொடுப்பவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். என் வியாபாரத்துக்காக இதைச் சொல்லவில்லை. வில்லியனூரிலும் நெல்லிக்குப்பத்திலும் அலமாரிமேல் ஏறி உட்கார்ந்துவிட்ட பிரிண்டர்களை நேரில் பார்த்துவிட்டேன்.

கடையில் வாங்கும்போது உங்கள் கண்முன் பெட்டியைப் பிரித்து, எடிபிள் மை மாட்டி, நாசில் செக் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு சுகர் ஷீட்டில் ஒரு முகத்தை அடிக்கச் சொல்லுங்கள். கம்பெனி வாரண்டியை நம்பாதீர்கள். வேறு மை ஊற்றியதால் வரும் கோளாறுக்கு அது கைகொடுக்காது. ஹெட் அடைத்தால் விற்றவரே பார்ப்பாரா, எத்தனை மாதம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மாற்று ஹெட்டோ கார்ட்ரிட்ஜோ கையில் இருக்கிறதா, சென்னையிலிருந்து வரவேண்டுமா என்றும் கேளுங்கள். சனிக்கிழமை காலையில் அடைத்துக்கொண்டால் திங்கட்கிழமை வரும் பார்சல் உங்களுக்கு உதவாது. முடிந்தால் பிரிண்டரோடு ஒரு கார்ட்ரிட்ஜ் செட்டைக் கூடுதலாக வாங்கி, சீல் பிரிக்காமல் வெயில் படாத இடத்தில் வையுங்கள். அதன் காலாவதி தேதியை அலமாரிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.